பலூனில் பறக்கும் தொலைநோக்கிகளும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை பலூனில் தொலைநோக்கி அனுப்பி அளக்கிறார்கள் என்று எங்கே பேசினாலும், ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் நேராக 6-ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. பின்னணிக் கதிர்வீச்சுன்னா என்ன சார்? எங்கிருந்து வருது?

பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. ஒளி கொஞ்ச தூரம் போவதற்குள் ஏதாவது ஓர் எலக்ட்ரான் மேல் பட்டுத் திசை மாறிவிடும். மார்கழிப் பனிமூட்டத்துக்குள் வண்டியின் முகப்பு வெளிச்சம் சிதறுவதுபோல. வெப்பநிலை சுமார் 3,000 கெல்வினுக்கு இறங்கியதும் எலக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின. அதன்பின் ஒளிக்குத் தடையில்லை. அன்று கிளம்பிய ஒளிதான் இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்துவிட்டது. ஒளியின் அலைநீளமும் அதே அளவு நீண்டு, இப்போது மில்லிமீட்டர் கணக்கிலான நுண்ணலையாக நம்மை வந்தடைகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும், தங்கள் ஆண்டெனாவில் எதைச் செய்தும் நீங்காத ஓர் இரைச்சலாக இதைக் கண்டார்கள், 1965-இல் அறிவித்தார்கள். உங்கள் அறையிலுள்ள ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்த ஃபோட்டான்கள் சுமார் 410 இருக்கின்றன.

2. வெப்பநிலை 2.7 கெல்வின்னு புத்தகத்துலயே இருக்கே. இன்னும் எதை அளக்கறாங்க?

சராசரி 2.725 கெல்வின் என்பது முடிந்த கதை. இப்போது அளப்பது இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தை. வானத்தின் ஒரு மூலை இன்னொரு மூலையைவிட ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் சூடாகவோ குளிராகவோ இருக்கும். அதாவது, ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள். பின்னாளில் விண்மீன் மண்டலங்களாகத் திரண்ட பொருளின் ஆரம்ப அடர்த்தி வேறுபாடுகள் இவை.

வெப்பநிலையோடு தளவிளைவையும் அளக்கிறார்கள். பள்ளி இயற்பியலில் படித்த அதே தளவிளைவுதான்: ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிகம் அசைகிறது என்பது. இது வெப்பநிலை வேறுபாட்டைவிடப் பல மடங்கு மங்கல். 2002-இல்தான் தென்துருவத்திலிருந்த டாசி கருவி முதன்முதலில் இதைப் பிடித்தது.

3. தரையிலேயே ஒரு பெரிய தொலைநோக்கி வச்சுப் பார்த்தா ஆகாதா?

ஆகும். தென்துருவத்திலும், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டருக்கு மேலும் அப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் அங்கும் தலைக்கு மேல் காற்று இருக்கிறது. மில்லிமீட்டர் அலைகளுக்குக் காற்றின் நீராவியும் ஆக்சிஜனும் பெரிய எதிரிகள். இவை வரும் அலையை விழுங்குவதோடு தாமும் ஒளிர்கின்றன. அதிலும் நீராவி காற்றில் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை, திட்டுத்திட்டாக நகரும். கருவிக்கு அது வானமே மினுக்குவதுபோல் தெரியும்.

தரையிலிருந்து 90, 150, 220 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓரளவு தெளிவான சன்னல்கள் உண்டு. அதற்கு மேலே போகப்போக நிலைமை மோசமாகிவிடும். பலூன் போகும் 35 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தின் 99.5 சதவீதம் காலடியில் கிடக்கிறது; நீராவி அநேகமாக இல்லை. பலூனுக்கான முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது. மீதிக் கேள்விகளுக்கும் இதை நினைவில் வையுங்கள்.

4. அப்போ சாட்டிலைட்டே அனுப்பிடலாமே, எதுக்கு பலூன்?

செயற்கைக்கோள்களும் போயின: 1989-இல் கோபி, 2001-இல் டபிள்யூமேப், 2009-இல் பிளாங்க். முழு வானத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்க்க அவைதான் சரி. ஆனால் ஒரு செயற்கைக்கோள் திட்டத்துக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். அதில் பரீட்சித்துப் பார்க்காத கருவியை யாரும் ஏற்ற மாட்டார்கள். ஆய்வகத்தில் போன வருடம் செய்த புதிய உணரியை பலூனில் பறக்கவிடலாம். இறங்கியதும் எடுத்துவந்து பிரித்துப் பார்க்கலாம், திருத்தி மறுபடி அனுப்பலாம். செலவும் செயற்கைக்கோளோடு ஒப்பிட மிகக் குறைவு.

பிளாங்கின் உயர் அதிர்வெண் கருவியில் இருந்த உணரிகள் முதலில் பலூனில் பறந்து தேறியவை. பூமராங் பலூனில் போன வகை உணரியும், ஆர்கியாப்ஸ் பலூனில் 0.1 கெல்வினுக்குக் குளிரவைத்துப் பார்த்த முறையும் பிளாங்கில் போய்ச் சேர்ந்தன. பலூனை ஏழைகளின் சாட்டிலைட் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று வந்திருக்காது.

5. எவ்வளவு பெரிய பலூன்? மேலே போய் வெடிச்சிடாதா?

முழுதாக விரிந்த நிலையில் சுமார் 8 லட்சம் முதல் 11 லட்சம் கன மீட்டர். குறுக்களவு நூறு மீட்டரைத் தாண்டும். ஆனால் அதன் பாலித்தீன் உறை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். தரையில் ஏவும்போது உச்சியில் மட்டும் ஒரு ஹீலியம் குமிழ் இருக்கும், மீதி உறை கயிறுபோல் சுருண்டு தொங்கும். மேலே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் 250-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவதால், அதே ஹீலியம் முழு உறையையும் நிரப்புகிறது. ஏறி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

வெடிக்காததற்குக் காரணம், வழக்கமான அறிவியல் பலூனின் அடிப்பக்கம் திறந்தே இருப்பது. கூடுதல் வாயு தானாக வெளியேறிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: இரவு வந்தால் வாயு குளிர்ந்து சுருங்கும், பலூன் இறங்கும். உயரம் காக்க எடையைக் கொட்ட வேண்டும். ஒவ்வோர் இரவும் இப்படிக் கொட்டினால் சில நாள்களில் கொட்ட ஒன்றும் மிஞ்சாது.

6. அண்டார்க்டிகா வரைக்கும் ஏன் போறாங்க? வேற இடமே இல்லையா?

மேலே சொன்ன இரவுச் சிக்கல்தான் முதல் காரணம். டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் மறைவதில்லை. வாயு குளிர்வதில்லை, பலூன் ஒரே உயரத்தில் நிற்கும். இரண்டாவது, அந்த மாதங்களில் ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று துருவத்தைச் சுற்றி வட்டமடிக்கிறது. மெக்மர்டோ நிலையத்துக்கு அருகே, ராஸ் பனித்தட்டின் மேலுள்ள வில்லியம்ஸ் ஃபீல்டிலிருந்து ஏவினால், பலூன் கண்டத்தைச் சுற்றிவிட்டு ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரக்கூடும். பூமராங் என்று பெயர் வைத்ததே அதனால்தான். 1998 டிசம்பர் 29 அன்று கிளம்பிய அது, பத்தரை நாள் பறந்து, ஏவிய இடத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இறங்கியது.

வேறு இடங்களும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸின் பாலஸ்டைன், நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர், ஸ்வீடனின் கிருனா மூன்றிலிருந்தும் இந்தக் கதிர்வீச்சை அளக்கும் பலூன்கள் கிளம்பியிருக்கின்றன. ஆர்கியாப்ஸ் கிருனாவிலிருந்து ஆர்க்டிக் குளிர்காலத்தின் நீண்ட இரவில் பறந்தது. அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் ஓர் இரவு வேலைதான்.

7. காத்துல ஆடிக்கிட்டே போற பலூன்ல இருந்து எப்படிக் குறி வைக்கறாங்க?

பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால், கீழே தொங்கும் தொலைநோக்கியின் மேல் காற்று வேகமாக வீசுவதில்லை. ஆட்டம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் பலூன் மெல்லச் சுழலும். தொலைநோக்கியைத் தாங்கும் சட்டகம் நீண்ட கம்பியில் தொங்குகிறது. பிடித்துத் திருப்பத் தரை கிடையாது. அதனால் சட்டகத்துக்குள் ஒரு கனமான சக்கரத்தை வைத்திருப்பார்கள். சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் சட்டகம் மறுபக்கம் திரும்பும். சக்கரத்தில் சேரும் சுழற்சியை, மேலே கம்பி சேரும் இடத்திலுள்ள மோட்டார் வழியாகப் பலூனுக்குத் தள்ளிவிடுவார்கள்.

எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதை கைரோஸ்கோப், சூரிய உணரி, நட்சத்திரக் கேமரா எல்லாம் சேர்ந்து சொல்லும். பலூன் உயரத்தில் வானம் இருண்டிருப்பதால் பகலிலேயே நட்சத்திரங்களைப் படமெடுக்க முடிகிறது.

8. உள்ளே இருக்கற உணரி கேமரா சென்சார் மாதிரியா?

இல்லை. போலோமீட்டர் எனப்படும் அது, அடிப்படையில் மிகமிக நுட்பமான வெப்பமானி. வரும் கதிர்வீச்சு ஒரு சிறு பரப்பைச் சூடாக்கும். அந்தச் சூட்டை மின்தடை மாற்றமாக அளப்பார்கள்.

பூமராங்கில் பறந்த போலோமீட்டரை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சிலிக்கான் நைட்ரைடில் செய்த நுண்ணிய வலை, அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சு, அதில் பொருத்திய பொடிசான ஜெர்மேனியத் துண்டு. பார்வைக்கு அச்சு அசல் சிலந்தி வலை. மில்லிமீட்டர் அலை பெரியது. வலையின் ஓட்டைகள் அதற்குத் தெரியாது, முழுத் தகட்டில் பட்டதுபோலவே உறிஞ்சப்படும். காஸ்மிக் கதிர்த் துகளோ மிகச் சிறியது. பெரும்பாலும் ஓட்டை வழியே போய்விடும். காந்தத் துருவத்துக்கு அருகே பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுக்காது என்பதால், அண்டார்க்டிகாவில் பறப்பவர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். முழுத் தகட்டை வைத்திருந்தால் அளவீடு முழுக்கத் துகள் அடித்த தடங்களாகவே இருந்திருக்கும்.

9. மேலே ஏற்கெனவே குளிர்தானே? தனியா ஹீலியம் எதுக்கு?

38 கிலோமீட்டர் உயரத்தில் காற்று சுமார் 250 கெல்வின். நமக்குக் குளிர், 2.7 கெல்வினை அளக்க வந்த உணரிக்கு அது உலை. உணரியே சூடாக இருந்தால் அதன் சொந்த வெப்ப இரைச்சல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பூமராங் உணரிகளை 0.3 கெல்வினுக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தார்கள். முதலில் திரவ நைட்ரஜன், அதற்குள் திரவ ஹீலியம், அதற்கும் உள்ளே ஹீலியம்-3 குளிர்விப்பான்.

ஸ்பைடர் பலூனில் ஒரே தொட்டியில் கிட்டத்தட்ட 1,300 லிட்டர் திரவ ஹீலியம் இருந்தது. பலூன் இன்னும் பறக்கும் நிலையில் இருந்தாலும் ஹீலியம் தீர்ந்த நாளில் அளவீடு முடிந்தது என்று பொருள்.

10. பிரபஞ்சம் தட்டைன்னு பலூன் கண்டுபிடிச்சதாமே? ஒரு பலூன் எப்படி அதைச் சொல்லும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1-ஆம் பதிலில் சொன்ன பிளாஸ்மாவில் ஒலி அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஈர்ப்பு அழுத்தும், ஒளியின் அழுத்தம் திருப்பித் தள்ளும். 3,80,000 ஆண்டுகளில் ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை இயற்பியலை வைத்தே கணக்கிடலாம். வானத்தில் தெரியும் சூடான, குளிர்ந்த திட்டுகளின் உண்மையான அளவு அதுதான். அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்றும் தெரியும். அளவும் தொலைவும் தெரிந்தால் கோணம் வந்துவிடும். வெளி தட்டையாக இருந்தால், அதாவது முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 டிகிரி வரும் வெளியாக இருந்தால், திட்டுகள் சுமார் 1 டிகிரி தெரிய வேண்டும். முழு நிலாவைப்போல் இரண்டு மடங்கு. கோளத்தைப்போல் வளைந்திருந்தால் அதைவிடப் பெரிதாக, சேணத்தைப்போல் வளைந்திருந்தால் சிறிதாகத் தெரியும்.

ரோமைச் சேர்ந்த பாவ்லோ தெ பெர்னார்திஸும் கால்டெக்கின் ஆண்ட்ரூ லாங்கும் வழிநடத்திய பூமராங் குழு, 2000 ஏப்ரலில் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டது. திட்டுகள் 1 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தன. வானத்தில் சுமார் 1 சதவீதப் பரப்பும், 150 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஓர் உணரியின் தரவும் அந்த முதல் முடிவுக்குப் போதுமானதாக இருந்தன. அடுத்த மாதமே பெர்க்லியின் பால் ரிச்சர்ட்ஸ், ஷவுல் ஹனானி ஆகியோரின் மேக்சிமா பலூன் அதே விடையைச் சொன்னது. டெக்சாஸிலிருந்து 1998 ஆகஸ்டில் ஓர் இரவு பறந்து எடுத்த தரவு அது.

பலூன் மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று சொன்னால் நியாயமாகாது. சிலியில் தரையிலிருந்து அளந்த டோகோ குழுவுக்கு இதன் சுவடு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் படம்போல் தெளிவாகத் திட்டுகளைக் காட்டியது பூமராங்தான். வெளி தட்டை, ஆனால் எண்ணிப் பார்த்தால் பொருள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, மீதி என்ன? 1998-இல் சூப்பர்நோவாக்களை வைத்துச் சொல்லப்பட்ட, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றலை, இதன் பிறகுதான் தயங்கியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

11. அந்தத் திட்டெல்லாம் கருவியோட இரைச்சலா இருக்கக் கூடாதா?

இருக்கலாம் என்றுதான் அவர்களும் தொடங்கினார்கள். பூமராங் வானத்தை இடவலமாக, சில நேரம் விநாடிக்கு 1 டிகிரி, சில நேரம் 2 டிகிரி வேகத்தில் துழாவியது. திட்டு உண்மையிலேயே வானத்தில் இருந்தால், வேகத்தை இரட்டித்தாலும் அது வரைபடத்தில் அதே இடத்தில் விழும். ஊசலாட்டத்தாலோ உணரியின் வெப்ப நகர்வாலோ வந்த போலி சமிக்ஞைக்கு வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. அது தன் தாளத்தில் வரும், வரைபடத்தில் இடம் மாறிவிடும். இரண்டு வேகங்களில் கிடைத்த வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தார்கள். திட்டுகள் மறைந்தன.

இன்னொரு சோதனை, நிறம். பூமராங் 90, 150, 240, 400 கிகாஹெர்ட்ஸ் என நான்கு அலைவரிசைகளில் பார்த்தது. முதல் மூன்றிலும் அதே திட்டுகள், பின்னணிக் கதிர்வீச்சுக்கு உரிய விகிதத்தில் தெரிந்தன. 400-இல் நம் பால்வெளியின் தூசி தனியாகத் தெரிந்தது. 3-ஆம் பதிலில் சொன்ன உயர் அதிர்வெண்ணின் பயன் இங்கே வருகிறது.

12. பலூன் அளவீடுகள் தப்பாப் போனதே இல்லையா?

போயிருக்கின்றன. 1970-களின் கடைசியில் டேவிட் வுடியும், 10-இல் சொன்ன அதே பால் ரிச்சர்ட்ஸும், பலூனில் இந்தக் கதிர்வீச்சின் நிறமாலையை அளந்தார்கள். அது கரும்பொருள் நிறமாலையிலிருந்து, அதாவது தன்மேல் விழும் ஒளியை முழுதாக உறிஞ்சும் பொருள் வெப்பநிலையைப் பொறுத்து மட்டும் ஒளிரும் விதத்திலிருந்து, சற்று விலகியிருப்பதாகத் தோன்றியது. அதை விளக்கப் பல கோட்பாடுகள் கிளம்பின. 1990-இல் கோபி அளந்தபோது விலகலே இல்லை. இயற்கையில் பார்த்த அப்பழுக்கற்ற கரும்பொருள் வளைவு அது.

இயந்திரக் கோளாறும் உண்டு. 2012 டிசம்பரில் அண்டார்க்டிகாவில் ஏவிய ஈபெக்ஸ் என்ற பலூன் தொலைநோக்கியில், இடவலத் திருப்பத்துக்கான மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி சூடேறி நின்றுவிட்டது. மெல்லிய காற்றில் வெப்பத்தைச் சுமந்துசெல்ல ஒன்றுமில்லை. தரையில் சிக்கலில்லாமல் ஓடிய மின்னணுப் பெட்டி மேலே தன் சூட்டிலேயே திணறியது. தொலைநோக்கி தன்பாட்டில் சுழன்றது. குறித்த பகுதியை ஆழமாகப் பார்க்க வந்த கருவி, வானத்தில் ஓர் அகலமான பட்டையை மேலோட்டமாகத்தான் பார்க்க முடிந்தது. அந்தக் குழு நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அடுத்துக் கட்டுபவர்களுக்கு அது பெரிய உதவி.

13. இறங்கும்போது உடைஞ்சா தரவெல்லாம் போச்சா?

பறக்கும்போதே செயற்கைக்கோள் வழியாகக் கொஞ்சம் தரவு வரும்; முழுவதையும் அனுப்ப அந்த இணைப்பு போதாது. அதனால் ஹார்ட் டிஸ்க்கை மீட்பதுதான் முதல் வேலை. 2015 ஜனவரி 1 அன்று கிளம்பிய ஸ்பைடர் சுமார் 16 நாள் பறந்து, ஏவிய இடத்திலிருந்து வெகுதூரத்தில், மேற்கு அண்டார்க்டிகாவில் இறங்கியது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தார் விமானத்தில் போய் முதலில் டிஸ்க்குகளை எடுத்துவந்தார்கள். தொலைநோக்கியின் மீதிப் பாகங்கள் பிறகுதான் வந்தன.

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. 2023-இல் நியூசிலாந்தின் வனாகாவிலிருந்து பறந்த சூப்பர்பிட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் தொலைநோக்கி. அது பறந்துகொண்டிருக்கும்போதே தரவை ஏந்திய சிறு பெட்டிகளை அர்ஜென்டினாவில் பாராசூட்டில் இறக்கியது. பிறகு தொலைநோக்கி இறங்கும்போது நாசமாகிவிட்டது, தரவு பிழைத்தது.

14. 2014-ல ஈர்ப்பலைச் சுவடு கிடைச்சதுன்னு சொல்லி அப்புறம் இல்லைன்னாங்களே, அதுல பலூனுக்கு என்ன வேலை?

தென்துருவத்திலிருந்த பைசெப்2, பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகள் தளவிளைவில் விட்ட சுழல் வடிவத்தைக் கண்டதாக 2014 மார்ச்சில் அறிவித்தது. அது பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பால்வெளித் தூசியும் அதேபோன்ற வடிவத்தைத் தரும். ஒரே அலைவரிசையில் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. 353 கிகாஹெர்ட்ஸில் பிளாங்க் எடுத்த தூசி அளவீட்டையும் சேர்த்து 2015-இல் ஆராய்ந்தபோது, சமிக்ஞையைத் தூசியே விளக்கிவிட்டது.

தூசி பிரகாசமாகத் தெரிவது உயர் அதிர்வெண்களில்; அங்கேதான் தரைத் தொலைநோக்கிக்கு வளிமண்டலம் குறுக்கே நிற்கிறது. அதனால் ஸ்பைடர் 2022 டிசம்பரில் இரண்டாவது முறை பறந்தபோது 280 கிகாஹெர்ட்ஸ் உணரிகளையும் ஏற்றிப்போனது. அதன் முதல் பயணம் ஈர்ப்பலைச் சுவடுக்குக் கொடுத்த மேல் வரம்பு, தரையில் பல ஆண்டுகள் பார்த்த பைசெப் தொடர் கருவிகளின் வரம்பைவிடத் தளர்வானது. 16 நாளில் அது இயல்பு. தூசியைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்தான் பலூனின் பங்கு பெரிது.

15. இந்தியாவுல இருந்து இப்படிப் பறக்கவிட முடியாதா?

பலூன் வானியல் நமக்குப் புதிதல்ல. ஹோமி பாபா காலத்திலிருந்தே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் காஸ்மிக் கதிர் ஆய்வுக்காக பலூன் விட்டிருக்கிறது. ஹைதராபாத்தில் அதற்கென்று சொந்தத் தளம் இருக்கிறது, பலூன்களையும் அங்கேயே செய்கிறார்கள். 1 மீட்டர் தொலை அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்று அங்கிருந்து பலமுறை பறந்து, விண்மீன்கள் பிறக்கும் மேகங்களை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் அவை சில மணி நேரப் பயணங்கள். பின்னணிக் கதிர்வீச்சுக்கு நாள்கணக்கான நேரம் வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் நிலப்பரப்பின் மேல் அது கடினம். இந்திய அண்டவியலாளர்கள் சிஎம்பி-பாரத் என்ற செயற்கைக்கோள் திட்டத்தை இஸ்ரோவிடம் முன்வைத்திருக்கிறார்கள்.

16. பிளாங்க்தான் எல்லாத்தையும் அளந்துட்டதே, இனி பலூனுக்கு என்ன மிச்சம்?

வெப்பநிலை வரைபடத்தைப் பொறுத்தவரை பிளாங்க் பெரும்பாலும் முடித்துவிட்டது. மிச்சமிருப்பது தளவிளைவு, அதிலும் வானத்தில் பல பத்து டிகிரிகளுக்கு விரியும் வடிவங்கள். முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியபோது சுற்றியிருந்த ஹைட்ரஜன் அணுக்கள் மறுபடி உடைந்தன. விடுபட்ட எலக்ட்ரான்கள் பின்னணி ஒளியில் சுமார் 5 சதவீதத்தைச் சிதறடித்தன. அதன் தடம் இந்தப் பெரிய வடிவங்களில்தான் இருக்கிறது. பிளாங்க் இதை அளந்தது, ஆனால் பிழைவரம்பு அந்த மதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். தரையிலிருந்து பார்த்தால், மெல்ல நகரும் வளிமண்டலம் இவ்வளவு பெரிய வடிவங்களைக் கலைத்துவிடும்.

இந்த ஓர் எண் துல்லியமானால் நியூட்ரினோக்களின் நிறையும் பிடிபடும். பிரபஞ்சம் தொடங்கியபோது இருந்த ஏற்ற இறக்கத்தையும் பின்னாளில் பொருள் திரண்ட அளவையும் ஒப்பிட்டுத்தான் அந்த நிறையைக் கணக்கிடுகிறார்கள். சிதறிய 5 சதவீதம் சரியாகத் தெரியாதவரை தொடக்க அளவு மங்கலாகவே இருக்கும். இதற்காகவே டாரஸ் என்ற பலூன் திட்டம் உருவாகியிருக்கிறது. அது போகப்போவது 5-ஆம் பதிலில் சொன்ன திறந்த பலூனில் அல்ல, இரவிலும் உயரம் இழக்காத, வாயுவை உள்ளேயே அடைத்த பூசணி வடிவ பலூனில். அண்டார்க்டிகாவின் நிரந்தரப் பகலை விட்டு, வனாகாவிலிருந்து நடு அட்சரேகைகளில் வாரக்கணக்காகச் சுற்றி, ஒவ்வோர் இரவும் வானத்தின் பெரும்பகுதியைப் பார்ப்பது அதன் திட்டம்.